ஒரு போல்ட், பத்து மீட்டர் கம்பி, ஒரு செல்: மின்காந்தம் செய்யவும் வீட்டிலுள்ள காந்தங்களைப் புரிந்துகொள்ளவும் முழு வழிகாட்டி

இரும்பாணியில் செப்புக்கம்பியைச் சுற்றிச் செல்லோடு இணைத்தால் குண்டூசி ஒட்டும் என்பது எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். ‘சுற்றுகளைக் கூட்டினால் காந்தம் வலுக்கும்’ என்பதும் அதே பாடத்தில் வரும். அதை நம்பி நூறு சுற்றை ஆயிரம் சுற்றாக்கியவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றம்தான் மிஞ்சும். கம்பி தீர்ந்திருக்கும், ஆனால் தூக்கும் எடை எதிர்பார்த்த அளவுக்குக் கூடியிருக்காது. காரணம் கம்பியில் மட்டும் இல்லை. செல், கம்பியின் தடிமன், இரும்பு, இரும்புக்கும் தூக்கும் பொருளுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஆகிய நான்கும் சேர்ந்துதான் ஒரு மின்காந்தத்தின் வலிமையைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் ஆட்கள் அதிகம் கவனிக்காதது இடைவெளி. அதிகம் கெடுப்பதும் அதுவே.

கையில் இருப்பது எந்தக் காந்தம்

வீட்டில் கிடைக்கும் நிலைக்காந்தங்கள் பெரும்பாலும் இரண்டே வகை. பழைய ஸ்பீக்கரின் பின்னால் இருக்கும் கருப்பு வளையம் ஃபெரைட். விலை மலிவு, துருப்பிடிக்காது, கீழே விழுந்தால் ஓடுபோல உடையும். நாணயம்போலப் பளபளக்கும் வெள்ளிநிறக் காந்தம் நியோடிமியம். அந்தப் பளபளப்பு நிக்கல் பூச்சு. பூச்சு உரிந்துவிட்டால் உள்ளே இருக்கும் இரும்பு துருவேறிப் பொடியாக உதிரும். சாதாரண நியோடிமியம் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் வலிமையை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும். ஆகவே சால்டரிங் அயர்னை அதன் அருகில் கொண்டுபோக வேண்டாம்.

ஒரு இரும்புத்துண்டு காந்தமா, வெறும் இரும்பா என்று பார்க்க ‘ஒட்டுகிறதா’ என்ற சோதனை போதாது, ஏனென்றால் வெறும் இரும்பும் காந்தத்தோடு ஒட்டும். தெரிந்த ஒரு காந்தத்தின் இரண்டு முனைகளையும் மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். எங்காவது ஓரிடத்தில் தள்ளினால் அது காந்தம்.

இரும்பு, நிக்கல், கோபால்ட், இவை கலந்த சில உலோகக் கலவைகள் ஆகியவைதான் நன்றாக ஒட்டும். செம்பு, பித்தளை, அலுமினியம், ஈயம் ஒட்டாது. எவர்சில்வரில்தான் குழப்பம் வரும். 304 ரகம் ஒட்டாது, 430 ரகம் ஒட்டும். இப்போதைய ஒரு ரூபாய் நாணயம் ஒட்டும், பத்து ரூபாய் நாணயம் ஒட்டாது. இன்டக்‌ஷன் அடுப்புக்குப் பாத்திரம் வாங்கும்போது சின்னக் காந்தம் ஒன்றைக் கையில் கொண்டுபோவது நல்லது. பாத்திரத்தின் அடிப்பாகத்தில் காந்தம் இறுக ஒட்டினால் அடுப்பு அதைச் சூடாக்கும். பக்கச் சுவரில் ஒட்டிப் பயனில்லை.

காந்தப் புலத்தின் கோடுகளைக் காண இரும்புத்தூளைக் கடையில் வாங்கத் தேவையில்லை. காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, காய்ந்த ஆற்றுமணலிலோ கடற்கரை மணலிலோ இழுத்தால் கவரின்மேல் கருமணல் ஒட்டும். கவரைத் திருப்பி உரித்தால் அது தனியே உதிரும். அந்தக் கருமணலில் இருப்பது மேக்னடைட், அதாவது இயற்கையிலேயே காந்தத்தால் இழுபடும் இரும்புத்தாது. சேலம் கஞ்சமலையின் இரும்புத்தாதும் இதே வகைதான். கவர் இல்லாமல் இழுத்தால் மணலைக் காந்தத்திலிருந்து பிரிக்கப் பெரும்பாடு படவேண்டும்.

திசைகாட்டி ஒன்றும் தேவைப்படும். தையல் ஊசியைக் காந்தத்தின் ஒரே முனையால், ஒரே திசையில், முப்பது நாற்பது முறை தேய்க்கவும். திரும்பி வரும்போது காந்தத்தை ஊசியிலிருந்து நன்றாக உயர்த்திக்கொள்ள வேண்டும். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் ஒன்றும் ஆகாது. வடமுனையால் தேய்த்தால், தேய்ப்பு முடியும் பக்கம் ஊசியின் தென்முனையாகும். ஊசியைச் சின்னத் தக்கைத் துண்டில் செருகிப் பீங்கான் கிண்ணத்து நீரில் மிதக்கவிட்டால் வடக்கு தெற்காக நிற்கும். காந்த நடுக்கோடு, அதாவது பூமியின் காந்தப் புலம் தரைக்கு இணையாக ஓடும் கோடு, தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால் திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் ஊசி ஏறக்குறைய படுக்கையாகவே நிற்கும். ஐரோப்பாவுக்கென்று செய்த திசைகாட்டியில் முள்ளின் தென்பக்கம் எடை கூட்டியிருப்பார்கள். அதை இங்கே வைத்தால் அந்தப் பக்கம் சாய்ந்து உரசும். திருவனந்தபுரம் அருகே தும்பாவில் 1963இல் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும் இந்த நடுக்கோடு அருகில் இருந்ததே காரணம்.

மின்காந்தத்துக்கு வேண்டியவை

1820இல் கோபன்ஹேகனில் ஓர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பியின் அருகில் திசைகாட்டி முள் திரும்புவதைக் கண்டார். 1825இல் இங்கிலாந்தில் ஸ்டர்ஜன், 200 கிராம் எடையுள்ள இரும்பை லாடம்போல வளைத்து, வார்னிஷ் பூசி, அதன்மேல் வெறும் செப்புக்கம்பியை 18 சுற்று சுற்றி 4 கிலோ தூக்கிக் காட்டினார். கம்பிக்கு உறை இல்லாததால் சுற்றுகளை ஒன்றோடொன்று படாமல் தள்ளித்தள்ளித்தான் அவரால் போட முடிந்தது. அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி கம்பிக்குப் பட்டுத்துணி சுற்றினார். அதனால் நெருக்கமாகவும் அடுக்கடுக்காகவும் சுற்ற முடிந்தது. 1831இல் யேல் கல்லூரிக்காக அவர் செய்த காந்தம் 900 கிலோவுக்கு மேல் தூக்கியது. இன்று நமக்கு அந்தப் பட்டுத்துணியின் இடத்தில் இருப்பது எனாமல் பூச்சு.

மோட்டார் காயில் கட்டும் கடையில் எனாமல் செப்புக்கம்பியை எடைபோட்டுத் தருவார்கள். 26 கேஜ் கேளுங்கள். தடிமன் ஏறக்குறைய 0.46 மி.மீ. நூறு கிராம் வாங்கினால் 65 மீட்டருக்கு மேல் வரும். நமக்கு வேண்டியது பத்து மீட்டர்தான், ஆனால் முதல் முறை சுற்றுபவருக்கு மிச்சம் இருப்பது நல்லது.

இரும்புக்கு 8 மி.மீ. தடிமன், 75 மி.மீ. நீளமுள்ள சாதாரண இரும்பு போல்ட். தலையில் 8.8 என்று பொறித்த கடின எஃகு போல்ட் வேண்டாம். அது மின்சாரத்தை நிறுத்திய பிறகும் காந்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மின்காந்தத்துக்குத் தேனிரும்பு போன்ற மென்மையான இரும்புதான் சரி. முழுநீளமும் மரை வெட்டியதைவிட, பாதி மழமழப்பாக இருப்பது சுற்றுவதற்கு எளிது. எவர்சில்வர் போல்ட் கூடவே கூடாது.

இவற்றோடு ஒரு நட்டு, அட்டையில் வெட்டிய இரண்டு வாஷர், செல்லோ டேப், உப்புத்தாள், ஒரு மல்டிமீட்டர், செல் உறை, அழுத்தினால் மட்டும் இணைக்கும் ஒரு சுவிட்சு. செல் 1.5 வோல்ட் ஆல்கலைன் பேனா செல்லாக இருக்கட்டும். மலிவான கார்பன் செல்லால் ஒரு ஆம்பியர் கொடுக்க முடியாது, நிமிடங்களில் சோர்ந்துவிடும். லித்தியம் செல்லையும் பவர் பேங்கையும் தொடாதீர்கள். காயிலில் எங்காவது ஷார்ட் ஆனால் லித்தியம் செல் தீப்பிடிக்கக்கூடும். சுவரிலுள்ள 230 வோல்ட் பிளக்கைப் பற்றிய பேச்சே வேண்டாம். ஒரு ஓம் தடையுள்ள இந்தக் காயிலை அதில் செருகுவது இரண்டு ஒயரையும் நேராக முறுக்கி இணைப்பதற்குச் சமம்.

சுற்றும் முறை

1. போல்ட்டின் தலையை ஒட்டி ஒரு அட்டை வாஷர், 60 மி.மீ. தள்ளி இன்னொன்று, அதைப் பிடிக்க நட்டு. நடுவிலுள்ள இரும்பின்மேல் செல்லோ டேப்பை இரண்டு சுற்று இழுத்து ஒட்டவும். மரையின் கூர்மை எனாமலைக் கீறினால் கம்பி இரும்போடு ஷார்ட் ஆகும். அதைத் தடுக்கத்தான் இந்த டேப்.

2. கம்பியில் 15 செ.மீ. வெளியே விட்டு, தலைப்பக்கத்தில் டேப்பால் அசையாமல் ஒட்டவும்.

3. கம்பிச் சுருளை ஒரு குச்சியில் மாட்டிவிட்டு, போல்ட்டைச் சுழற்றிச் சுற்றவும். போல்ட்டைப் பிடித்துக்கொண்டு கம்பியைச் சுற்றிச்சுற்றிக் கொண்டுவந்தால் கம்பி முறுக்கேறிச் சிடுக்காகும். சுற்றுகள் பக்கத்தில் பக்கத்தில், இடைவெளி இல்லாமல், லேசான இழுப்போடு விழவேண்டும். கையால் சுற்றினால் 60 மி.மீ. நீளத்தில் 100 முதல் 110 சுற்று அடங்கும்.

4. ஓர் அடுக்கு முடிந்ததும் ஒரு சுற்று காகிதம். பிறகு அடுத்த அடுக்கு வந்த வழியே திரும்பட்டும். கம்பி இடமிருந்து வலம் போவதும் வலமிருந்து இடம் வருவதும் பிரச்சினை இல்லை. போல்ட் சுழலும் திசைதான் மாறவே கூடாது. பாதியில் எழுந்துபோய் வந்து, எதிர்த்திசையில் சுழற்றத் தொடங்குவது அடிக்கடி நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் புதிய சுற்றுகள் பழைய சுற்றுகளின் புலத்தை அழித்துக்கொண்டே போகும். தொடங்கும்போதே வாஷரில் அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

5. மூன்று அடுக்கு, மொத்தம் 300 சுற்று வந்ததும் 15 செ.மீ. விட்டு வெட்டி, மேலே டேப் ஒட்டவும்.

6. இரண்டு முனைகளிலும் 2 செ.மீ. நீளத்துக்கு எனாமலை உப்புத்தாளால் எல்லாப் பக்கமும் சுரண்டவும். எனாமலும் செம்பு நிறத்திலேயே இருப்பதால் சுரண்டாமல் இணைத்துவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்பார்கள். சுரண்டிய இடம் வெளிறிய ரோஜா நிறத்தில் மின்னும்.

7. மல்டிமீட்டரில் தடையைப் பாருங்கள். முதலில் மீட்டரின் இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதைக் கழிக்கவும். 1 ஓம் அளவில் வந்தால் சரி. மிகக் குறைவாக வந்தால் உள்ளே எனாமல் உரிந்து சுற்றுகள் ஷார்ட் ஆகியிருக்கின்றன. ஒரு முனைக்கும் போல்ட்டுக்கும் இடையே பார்த்தால் தொடர்பே இருக்கக்கூடாது.

8. செல்லை இணைத்துச் சோதிக்கவும். ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் இணைப்பில் வைக்கவேண்டாம். ஒரு ஆம்பியரை விடாமல் இழுத்தால் பேனா செல் ஒரு மணி நேரத்திலேயே சோர்ந்துவிடும்.

எந்த முனை வடமுனை என்று அறிய, போல்ட்டின் முனையை நேருக்கு நேர் பாருங்கள். அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது மின்சாரம் கடிகார முள் சுற்றும் திசையில் ஓடினால் அது தென்முனை, எதிர்த்திசை என்றால் வடமுனை. செல்லைத் திருப்பிப் போட்டால் முனைகளும் மாறும். மிதக்கும் ஊசியைக் கொண்டு சரிபார்க்கலாம்.

சுற்றைக் கூட்டினால் என்ன கிடைக்கும்

காந்தத்தின் உந்துதல் என்பது ஆம்பியரையும் சுற்றுகளையும் பெருக்கி வரும் எண். அதை ஆம்பியர்-சுற்று என்பார்கள். சுற்றைக் கூட்டும்போது கம்பியும் நீளும், தடையும் கூடும், ஆம்பியர் குறையும். ஒன்றில் பெற்றதை மற்றொன்றில் இழக்கிறோம். செல்லின் உள்தடையை 0.3 ஓம் என்று வைத்து, நம் 26 கேஜ் கம்பிக்குக் கணக்குப் போட்டால் இப்படி வரும்:

100 சுற்று: 2.3 ஆம்பியர், 230 ஆம்பியர்-சுற்று.
300 சுற்று: 1.1 ஆம்பியர், 330 ஆம்பியர்-சுற்று.
600 சுற்று: 0.6 ஆம்பியர், 360 ஆம்பியர்-சுற்று.
1,200 சுற்று: 0.26 ஆம்பியர், 310 ஆம்பியர்-சுற்று.

கடைசி வரியில் எண் இறங்குவதைக் கவனியுங்கள். அடுக்கு ஏற ஏற ஒவ்வொரு சுற்றின் சுற்றளவும் பெரிதாகிறது, அதனால் ஒரு சுற்றுக்கு ஆகும் கம்பியும் அதிகம். செல்லின் உள்தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒரே வோல்ட்டேஜில் ஆம்பியர்-சுற்றைத் தீர்மானிப்பது கம்பியின் தடிமன். சுற்றுகளின் எண்ணிக்கை ஆற்றுவது வேறு வேலை: மின்சாரத்தைக் கட்டுப்படுத்திச் செல்லையும் காயிலையும் காப்பாற்றுகிறது. அதனால்தான் நடுவில் 300 என்ற எண்.

ஹென்றி இதைச் சோதனையாலேயே கண்டுபிடித்தார். ஒரே ஒரு செல் இருந்தால் குட்டையான பல காயில்களைப் பக்க இணைப்பில் போட்டார். பல செல்களை வரிசையாக இணைக்கும்போது ஒரே நீளக் காயில். காயிலையும் மின்கலத்தையும் ஜோடி பார்த்துச் சேர்க்கவேண்டும் என்பது அன்று முதல் மாறாத விதி.

இரண்டு செல்லை வரிசையாகப் போட்டு 3 வோல்ட் கொடுத்தால் ஆம்பியர்-சுற்று ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் ஆகும், ஆனால் காயிலின் சூடு இரண்டரை மடங்கைத் தாண்டும். காயில் கையால் தொட முடியாத அளவுக்குச் சுட்டால் நிறுத்திவிடுங்கள். எவ்வளவு கொடுத்தாலும் இரும்புக்கு ஒரு எல்லை உண்டு. ஏறக்குறைய 2 டெஸ்லாவில் (டெஸ்லா என்பது காந்தப் புலத்தை அளக்கும் அலகு) அது நிறைந்துவிடும், அதற்குமேல் போடும் மின்சாரம் சூடாகத்தான் போகும்.

லாடமாக வளைத்தால்

நேர் போல்ட்டின் ஒரு முனையில்தான் எடை தொங்குகிறது. மறுமுனையிலிருந்து புலம் காற்றுவழியே நெடுந்தூரம் சுற்றிவர வேண்டியிருக்கிறது. காற்று காந்தத்துக்குக் கடினமான பாதை. சாதாரண இரும்பைவிட ஆயிரம் மடங்கு கடினம் என்று வைத்துக்கொண்டால், 0.1 மி.மீ. காற்று 10 செ.மீ. இரும்புக்குச் சமம். ஒரு தாளின் தடிமன் அவ்வளவுதான்.

ஹார்டுவேர் கடையில் பைப்பைச் சுவரோடு பிடிக்க விற்கும் 8 மி.மீ. யூ-போல்ட் இதற்கு மிகப் பொருத்தம். இரண்டு காலிலும் 150 சுற்று வீதம், ஒரே கம்பியாகச் சுற்றுங்கள். முனைகளை நேருக்கு நேர் பார்க்கும்போது ஒரு காலில் கடிகாரத் திசையிலும் மறு காலில் எதிர்த்திசையிலும் மின்சாரம் ஓடவேண்டும். அப்போதுதான் ஒன்று வடமுனையாகவும் மற்றது தென்முனையாகவும் அமையும். இரண்டும் ஒரே முனையானால் எடை பொத்தென்று விழும். ஊசி வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

இரண்டு கால் நுனிகளையும் அரத்தால் ஒரே மட்டமாகத் தேய்த்து, தட்டையான ஒரு இரும்புப் பட்டையை அடியில் ஒட்டவிடுங்கள். புலம் 1 டெஸ்லா இருந்தால் ஒரு சதுர செ.மீ. பரப்புக்கு ஏறக்குறைய 4 கிலோ இழுவிசை கிடைக்கும். இரண்டு நுனிகளும் சேர்ந்து ஏறக்குறைய அந்தப் பரப்புதான். நுனி மட்டமாக இருந்தால் கிலோக்கணக்கில் தூக்கும், பெயிண்ட் அடித்த பட்டையை வைத்தால் பாதிகூடத் தூக்காது. சோதித்துப் பார்க்க: ஒரு முறை நேராக, ஒரு முறை நடுவில் தாள் வைத்துத் தூக்குங்கள். எடையை அளக்க, பட்டையில் ஒரு காலிப் பாட்டிலைத் தொங்கவிட்டு, விழும்வரை தண்ணீரை ஊற்றுங்கள். ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். கீழே ஒரு வாளி இருக்கட்டும்.

மின்சாரத்தை நிறுத்தியும் பட்டை விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் இரும்பில் காந்தம் மிச்சம் இருக்கிறது. சுற்றுவதற்கு முன்பே போல்ட்டைக் கரியடுப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து இரவு முழுக்க மெதுவாக ஆறவிட்டால் இரும்பு மென்மையாகி இந்தக் குறை பெரிதும் தீரும். துத்தநாகம் பூசிய வெள்ளைப் போல்ட்டை மட்டும் அடுப்பில் போடாதீர்கள். அந்தப் புகை உடலுக்குக் கேடு.

நிறுத்தும்போது வரும் அடி

1.5 வோல்ட் செல்தானே என்று இரண்டு வெறும் முனைகளையும் விரலால் பிடித்தபடி இணைப்பைப் பிடுங்கினால் சுருக்கென்று அடிக்கும். மின்சாரம் திடீரென்று நிற்கும்போது காயிலில் தேங்கிய காந்த ஆற்றல் வெளியேற வழி தேடி, பெரிய வோல்ட்டேஜாக எழுகிறது. சுவிட்சில் தெரியும் நீலப் பொறியும் அதுதான். டிரான்சிஸ்டர் கொண்டு ரிலேயை, அதாவது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சை, இயக்குபவர்களின் டிரான்சிஸ்டர் சாவதும் இதனால்தான். காயிலின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே, ஒரே திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் 1என்4007 டயோடு ஒன்றைப் போட்டால் போதும். டயோடின் வெள்ளைக் கோடுள்ள பக்கம் பிளஸ்ஸில் இருக்கவேண்டும். மாற்றிப் போட்டால் டயோடு நேராக ஷார்ட் ஆகும்.

வீட்டிலும் தோட்டத்திலும்

ஃபிரிட்ஜ் கதவின் ரப்பரில் இருப்பது ஃபெரைட் தூள் கலந்த நாடா. வடக்கும் தெற்கும் வரிவரியாக மாறிமாறி வருவதால் தொட்டால் இறுகப் பிடிக்கும், சற்று விலகினால் பிடியே இருக்காது. ரப்பரில் ஒட்டிய அழுக்கு கதவை ஒரு மில்லிமீட்டர் தள்ளி வைத்தாலும் பிடி தளரும். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். எதிர்ப்பே இல்லாமல் வரும் இடத்தில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

அலுவலகக் கதவுகளில் மேலே இருக்கும் காந்தப் பூட்டு 12 வோல்ட், அரை ஆம்பியர் அளவிலேயே 280 கிலோ தாங்கும் என்பார்கள். அதன் ரகசியமும் இடைவெளியின்மைதான். கதவிலுள்ள இரும்புப் பட்டையை ரப்பர் வாஷர் வைத்துச் சற்று ஆடும்படி மாட்டவேண்டும், அப்போதுதான் அது தானே மட்டமாகப் படியும். ஆடக்கூடாது என்று இறுக்கி முடுக்கிவிட்டால் ஒரு ஓரம் தூக்கி, கையால் தள்ளினாலே கதவு திறக்கும்.

நம் ஊர்ப்பக்கத்தில் காந்தம் அதிகம் உழைப்பதும் அதிகம் எரிவதும் தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டரில்தான். பச்சைப் பொத்தானை அழுத்தினால் உள்ளே உள்ள காயில் இரும்பை இழுத்து மூன்று பேஸையும் சேர்க்கிறது. கரண்ட் போனால் பிடி விட்டுவிடும், கரண்ட் வந்தாலும் தானாக ஓடாது. நோ வோல்ட் காயில் என்று பெயர் வந்தது இதனால். 415 வோல்ட் காயில் என்றால் அதன் 85 சதவீதம், அதாவது ஏறக்குறைய 350 வோல்ட்டாவது இருந்தால்தான் உறுதியாக இழுக்கும். வோல்ட்டேஜ் அதற்குக் கீழே இறங்கும்போது பொத்தானை அழுத்தினால் இழுப்பதும் விடுவதுமாகத் தடதடக்கும். இரும்பு முழுதாக மூடாத நிலையில் ஏசி காயில் எடுக்கும் மின்சாரம் மூடிய நிலையைவிட ஐந்து முதல் பத்து மடங்கு. அப்படியே விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தால் காயில் கருகிவிடும். வோல்ட் மீட்டரைப் பார்த்துவிட்டுப் பொத்தானைத் தொடுவதே காயிலைக் காக்கும் வழி.

ஸ்டார்ட்டர் ஓயாமல் ‘உர்ர்’ என்று இரைந்தால் இரண்டு காரணம். மெயினை அணைத்து, டெஸ்டரால் மூன்று பேஸையும் சரிபார்த்த பிறகே திறக்கவும். முதலில் இரும்பு முகங்களில் தூசி, துரு, செத்த பல்லி, எறும்பு என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், அரத்தால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் மட்டம் போய் இடைவெளி உண்டாகும். அடுத்து, இரும்பு முகத்தில் பதித்திருக்கும் சின்னச் செப்பு வளையம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இழுவிசை விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்துக்கு இறங்கும். முகத்தின் ஒரு பகுதியில் புலத்தைத் தாமதப்படுத்தி, இழுவிசை முழுதும் அறாமல் பார்த்துக்கொள்வது அந்த வளையம்தான். அது விரிசல் விட்டிருந்தால் இரைச்சல் எந்தத் துடைப்புக்கும் நிற்காது, பாகத்தை மாற்றத்தான் வேண்டும்.

காந்தத்தைக் கையாளும்போது

நியோடிமியத்தைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் சுவர்களை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வயிறு வலிக்கும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் நெஞ்சருகே கொண்டுபோகக்கூடாது. பெரிய துண்டுகள் இரண்டைப் பிரிக்கும்போது நேராக இழுக்காமல் மேசை விளிம்பில் வைத்துப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். திரும்ப வைக்கும்போது நடுவில் ஒரு மரத்துண்டோ தடித்த அட்டையோ வைத்தால் அவை மோதிச் சில்லாகத் தெறிக்காது.